இடது கைக்கு வேலை கொடுங்கள்

எங்கள் தெருவில் யாருக்காவது ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும், சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் கம்ப்யூட்டரை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். படித்தவர், படிக்காதவர், பெரியவர், சின்னவர் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரிடமும் ஒரே வழக்கம்தான். வலது கை மவுஸைப் பிடித்தால் பிடித்ததுதான். இடது கை மடியில் கிடக்கும், இல்லாவிட்டால் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும். ஒரு பெயரைக் காப்பி எடுக்க ரைட் க்ளிக் செய்து, பட்டியலில் தேடி, காப்பியைத் தட்டுவார்கள். ஒட்டுவதற்கு அதே சடங்கு மறுபடியும் நடக்கும். "உங்க கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோ போல" என்றும் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கை சும்மா இருப்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

இரண்டு கைக்கும் வேலை கொடுப்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் தன் மவுஸை மேடையில் இயக்கிக் காட்டினார். அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அவருடைய வலது கையைத்தான் சொல்வார்கள். இடது கைக்கும் அவர் ஒரு கருவி வைத்திருந்தார். ஐந்தே கட்டைகள் கொண்ட குட்டிப் பலகை அது. ஐந்து விரலால் வெவ்வேறு சேர்க்கையில் அழுத்தி எழுத்தும் கட்டளையும் கொடுக்கலாம். வலது கை இடத்தைக் காட்டும், இடது கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் உழைப்பதுதான் அவர் போட்ட கணக்கு. மவுஸ் உலகம் முழுக்கப் பரவியது. ஐந்து கட்டைப் பலகை அப்படிப் பரவவே இல்லை.

ஆனால் அதன் வேலை வேறு வழியில் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கட், காப்பி, பேஸ்ட் என்று நாம் சொல்வது 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் செய்த ஜிப்ஸி என்ற மென்பொருளில் உருவானது. டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். ஆப்பிளின் லிசா கணினி 1983இல் வந்தபோது இந்த மூன்று வேலைகளுக்கும், செய்ததைத் திரும்பப் பெறும் வேலைக்கும் சேர்த்து இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு எழுத்துகள் அமைந்தன; இசட்தான் திரும்பப் பெறுவது. உங்கள் கீபோர்டைக் கொஞ்சம் பாருங்கள். கீழ் வரிசையில் இடது ஓரத்தில் நான்கும் வரிசையாக நிற்கும். இடது சுண்டுவிரலைக் கண்ட்ரோலில் ஊன்றிக்கொண்டால் மற்ற விரல்கள் தாமாகவே அந்த நான்கின் மேல் போய் உட்காரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் ஏ, சேமிக்கும் எஸ், தேடும் எஃப், மூடும் டபிள்யூ எல்லாமே அந்தப் பக்கம்தான். வலது கை மவுஸில் இருக்கட்டும், நான் பிடுங்கச் சொல்லவில்லை. மவுஸால் ஒரு வரியை இழுத்துத் தேர்ந்தெடுத்த உடனே இடது கை கண்ட்ரோல் + சி அடிக்கட்டும். வேண்டிய இடத்தில் வலது கை க்ளிக் செய்ததும் இடது கை கண்ட்ரோல் + வி அடிக்கட்டும். முதலில் இந்த ஒன்று மட்டும் போதும்.

எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்ற மூன்று பேர் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் மனிதன் செய்யும் ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் அதன் விஷயம். சராசரி வேகத்தில் டைப் அடிக்கத் தெரிந்தவர் ஒரு விசையை அழுத்த 0.2 நொடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை மாற 0.4 நொடி. மவுஸால் ஒரு இடத்தைக் குறிபார்த்துப் போய்ச் சேர 1.1 நொடி. அப்படியானால் ரைட் க்ளிக் பட்டியல் வழியாகக் காப்பி எடுக்க, குறிபார்ப்பதற்கு மட்டுமே இரண்டு நொடிக்கு மேல் போகிறது. கண்ட்ரோல் + சி அரை நொடிக்குள் முடிந்துவிடும்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னோர் எண். அடுத்து என்ன செய்வது என்று மனம் தயாராவதற்கு அவர்கள் வைத்த அளவு 1.35 நொடி. மற்ற எந்த அசைவையும்விட இது பெரியது. அதாவது, யோசித்து யோசித்து அடிக்கிற ஷார்ட்கட்டில் பெரிய லாபம் கிடையாது. "விண்டோஸுக்கான 100 ஷார்ட்கட்கள்" என்று வாட்ஸப்பில் வரும் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். நீங்கள் தினமும் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை எது என்று பாருங்கள். அதற்குரிய ஒன்றை எடுத்துக்கொண்டு, விரலில் ஊறும் வரை அதையே அடியுங்கள். ஊறிய பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

விரலில் ஊறுவது என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதே இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று தாள் தாளாக அடித்த விரல்கள் அவை. அப்படிப்பட்டவர்கள்கூடக் கம்ப்யூட்டருக்கு வந்ததும் ஓர் இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். எழுத்தெல்லாம் படபடவென்று விழும். அடித்ததைத் திருத்தும்போது மட்டும் கை மவுஸுக்கு ஓடும். மிஷினில் திருத்தம் என்பதே வேறு விஷயம் என்பதால் அந்தப் பயிற்சியில் இதற்கு இடம் இருக்கவில்லை.

திருத்துவதற்கான விசைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எழுதுகிற எல்லோருக்கும் அன்றாடம் வேண்டியது இதுதான். அம்புக்குறி ஓர் எழுத்து நகரும். கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் ஒரு முழுச் சொல் தாண்டும். ஹோம் வரியின் தொடக்கத்துக்கும் எண்ட் வரியின் முடிவுக்கும் போகும். கண்ட்ரோலோடு அடித்தால் கட்டுரையின் தொடக்கம், முடிவு. இவை எல்லாவற்றோடும் ஷிஃப்டைச் சேர்த்துப் பிடித்தால் கடந்துபோன இடமெல்லாம் தேர்வாகிவிடும். அதாவது ஷிஃப்ட் + ஹோம் அடித்தால் நிற்கும் இடத்திலிருந்து வரித் தொடக்கம் வரை தேர்வாகும். சொல் சொல்லாகத் தேர்ந்தெடுக்க கண்ட்ரோல் + ஷிஃப்ட் + அம்புக்குறி. மவுஸால் இழுக்கும்போது ஓர் எழுத்து கூடவோ குறையவோ வந்து எரிச்சல் மூட்டுமே, அந்தத் தொல்லை இதில் இல்லை. கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ், கடைசியாக அடித்த சொல்லை முழுசாக அழிக்கும். பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேண்டியதும் சேர்ந்து போய்விட்டதே என்று பதறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க இன்னொரு நுட்பம் இருக்கிறது. 'கொ' என்று அடித்துவிட்டு ஒரு பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். எழுத்து முழுதாகப் போகாது. கொம்பும் காலும் மட்டும் போய் 'க' நிற்கும். இப்போது உகரத்தை அடித்தால் 'கு' ஆகிவிடும். 'கொ'வுக்கு முன்னால் கர்சரை வைத்து டெலிட் அடித்தாலோ முழு எழுத்தும் ஒரே தட்டில் போய்விடும். குறி மட்டும் தப்பு என்றால் பேக்ஸ்பேஸ், எழுத்தே தப்பு என்றால் டெலிட். தமிழ்த் தட்டச்சில் இது தெரிந்தாலே பாதித் திருத்தம் சுலபமாகிவிடும்.

தமிழ்த் தட்டச்சு என்றதும் தமிழ்99 பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். வலது கை 'க' அடிக்கும், இடது கை அதற்கு ஆகாரமோ இகாரமோ கொடுக்கும். தமிழின் அமைப்பே உயிரும் மெய்யும் மாறி மாறி வருவது என்பதால் இரண்டு கையும் மாறி மாறி விழும். இடது கைக்கு வேலை கொடுங்கள் என்று நான் சொல்வதை இதைவிட அழகாகச் செய்த விசைப்பலகையை நான் பார்த்ததில்லை.

அதில் புள்ளியும் பல இடங்களில் தானாகவே விழும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தை அடித்தாலும் அப்படித்தான். ங, க என்று அடித்தால் ங்க, ந, த என்று அடித்தால் ந்த. 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். 'வணக்கம்' எழுத வ, ண, க, க, ம, கடைசியில் ஒரு புள்ளி, ஆக ஆறு தட்டு. ஷிஃப்ட் தேவையே இல்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் இதே சொல்லுக்கு எட்டு தட்டும் டண்ணகரத்துக்காக ஒரு ஷிஃப்டும் ஆகும். ஆரம்பத்தில் விரல் தேடும், உண்மைதான். பக்கம் பக்கமாகத் தமிழ் எழுதுகிறவர் என்றால் அந்த ஆரம்பச் சிரமத்தைப் பட்டுவிடுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் விண்டோஸ் + ஸ்பேஸ் அடித்துத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். மூலையில் இருக்கும் மொழிப் பட்டனைத் தேடி மவுஸ் போக வேண்டியதில்லை.

விண்ணப்பப் படிவங்களுக்கு வருகிறேன். இங்கேதான் மவுஸ் அதிகமாகப் படுத்தும். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்கு விண்ணப்பம் போட வந்தாள். மாநிலம் என்ற கட்டத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, தமிழ்நாடு வர மாட்டேங்குது. தாண்டித் தாண்டிப் போகுது."

"மவுஸ விடும்மா. ஆர் பக்கத்துல டீ எழுத்து இருக்குல்ல, அத ஒரு தட்டு தட்டு."

தட்டினாள். ஆந்திராவில் நின்ற பட்டியல் நேராகத் தமிழ்நாட்டில் வந்து நின்றது.

"அட! இது எல்லா ஃபார்ம்லயும் வருமாக்கா?"

பெரும்பாலான படிவங்களில் வரும். 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள் கொண்ட பட்டியலில் டீ எழுத்தில் ஆங்கிலத்தில் தொடங்குபவை தமிழ்நாடு, தெலங்கானா, திரிபுரா மூன்றுதான். அகர வரிசையில் நாம் முதலில். மாவட்டத்துக்கும் பிறந்த ஆண்டுக்கும் இதே வித்தை செல்லும். ஆண்டின் இலக்கங்களை வேகமாக அடித்தால் அந்த ஆண்டுக்கே போய்விடும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக டேப், முந்தையதற்குத் திரும்ப ஷிஃப்ட் + டேப், டிக் போட ஸ்பேஸ். படிவம் முழுவதையும் இப்படியே நிரப்பலாம். கேப்ட்சா வரும்போது மட்டும் மவுஸைத் தொட்டால் போதும். அன்றைக்கு அவள் மிச்சப் படிவத்தை மடமடவென்று நிரப்பினாள். விண்ணப்பிக்கும் தளம் நேரம் கடந்துவிட்டது என்று பாதியில் வெளியே தள்ளிவிடும் அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இந்த வேகம் அங்கே வெறும் சௌகரியம் மட்டுமில்லை, அவசியம்.

படிவத்தோடு வருவது கோப்புகள். ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் புரியாத எண்களைப் பெயராகத் தாங்கி ஃபோல்டரில் கிடக்கும். முதல் கோப்பைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அடியுங்கள். பெயர் எழுதும் கட்டம் திறக்கும். பெயரை அடித்ததும் எண்டருக்குப் பதில் டேப் அடியுங்கள். அந்தப் பெயர் சேமிக்கப்பட்டு அடுத்த கோப்பின் பெயர்க் கட்டம் தானாகத் திறக்கும். பத்தாம் வகுப்பு, டேப், பன்னிரண்டாம் வகுப்பு, டேப், சாதிச் சான்றிதழ், டேப் என்று போய்க்கொண்டே இருக்கலாம். கல்யாண போட்டோக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அடித்து ஒரே பெயர் கொடுங்கள். பின்னால் 1, 2, 3 என்று எண்ணை விண்டோஸே போட்டுக்கொள்ளும். புது ஃபோல்டர் வேண்டுமென்றால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என்.

கண்ட்ரோல் + இசட் எழுதும்போது மட்டும்தான் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஃபோல்டருக்குள்ளும் அது வேலை செய்யும். கோப்பை இடம் மாற்றிவிட்டாலோ, பெயரை மாற்றிவிட்டாலோ, டெலிட் செய்துவிட்டாலோ உடனே அதை அடித்தால் பழையபடி வந்துவிடும். பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் அவர்களைக் கம்ப்யூட்டர் பக்கம் வரவிடாமல் தடுக்கிறது. திரும்பி வர ஒரு வழி உண்டு என்று தெரிந்த பிறகு அவர்கள் கை தைரியமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். ஷிஃப்ட் + டெலிட் மட்டும் வேண்டாம். அதில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராகப் போய்விடும். பென் டிரைவில் அழிப்பதும் அப்படித்தான்.

காப்பி, பேஸ்ட் பழகியவர்களுக்கு அடுத்த படி விண்டோஸ் + வி. 2018 அக்டோபர் மேம்படுத்தலில் விண்டோஸ் 10க்கு வந்தது. முதல் முறை அடிக்கும்போது இயக்கவா என்று கேட்கும், ஆம் சொல்லிவிடுங்கள். அதன்பின் கடைசியாகக் காப்பி எடுத்த 25 வரை நினைவில் இருக்கும். வேண்டியதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டலாம். வீட்டு முகவரி, பான் எண் மாதிரி அடிக்கடி வேண்டியதைப் பின் செய்துவைத்தால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் போகாது. வீட்டில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் பாஸ்வேர்டைக் காப்பி எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் அந்தப் பட்டியலைத் திறந்து அழித்துவிடுங்கள். திரையில் ஒரு பகுதியை மட்டும் படமெடுக்க விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். பணம் கட்டிய ரசீதைக் கைபேசியால் திரையைப் போட்டோ பிடித்து அனுப்புகிறார்களே, கோடு கோடாக விழுந்து எண்ணே தெரியாது. அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பிரவுசருக்கு மூன்று மட்டும் சொல்கிறேன். கண்ட்ரோல் + எல் அடித்தால் கர்சர் முகவரிப் பட்டைக்குப் போய்விடும், அப்படியே அடிக்கத் தொடங்கலாம். நீளமான பக்கத்தில் உங்கள் பெயரையோ பதிவெண்ணையோ தேட கண்ட்ரோல் + எஃப். தேர்வு முடிவுப் பட்டியலில் கண் வலிக்க வரி வரியாகத் தேட வேண்டாம். கை தவறி மூடிய டேபைத் திரும்பக் கொண்டுவர கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டீ. மூன்றாவதைச் சொன்னதும் முகம் மலராதவர்களை நான் இதுவரை பார்க்கவில்லை.

நிஜமாகவே கம்ப்யூட்டர்தான் மெதுவாக இருக்கிறது என்றால் ஷார்ட்கட் உதவாது. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அடித்தால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே கூடவே கிளம்பும் மென்பொருள்களைப் பார்த்துத் தேவையில்லாததை நிறுத்துங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் என்றால் எஸ்எஸ்டி மாற்றுவதைப் போல வித்தியாசம் தரும் செலவு வேறில்லை.

உறைந்துபோன கம்ப்யூட்டருக்கு எல்லோரும் அடிக்கும் கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட்டும் ஒரு பொறியாளர் யோசித்து வைத்ததுதான். 1981இல் ஐபிஎம் பிசி வந்த காலத்தில் அங்கே வேலை பார்த்த டேவிட் பிராட்லி, கம்ப்யூட்டரை அணைக்காமலே மறுபடி தொடங்க இப்படி ஒரு வழி செய்தார். முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் என்றுதான் வைத்தார். மூன்றும் இடது பக்கமே இருந்ததால் கை தவறிப் பட்டுவிடும் என்று எஸ்கேப்பை எடுத்துவிட்டு, எதிர்ப் பக்கத்தில் இருந்த டெலிட்டைப் போட்டார். அந்தக் காலக் கீபோர்டில் இரண்டு கையும் சேராமல் அதை அழுத்த முடியாது.

இரண்டு கையையும் சேர்த்து இயக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், கையில் கட்டுப் போட்டிருப்பவர்கள், விரல் நடுங்கும் முதியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காக விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி இருக்கிறது. ஷிஃப்டை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால் ஒரு பெட்டி வந்து இதை இயக்கவா என்று கேட்கும். கேம் ஆடும் பிள்ளைகள் தொல்லை என்று மூடுவது இந்தப் பெட்டியைத்தான். ஆம் என்று கொடுத்துவிட்டால் விசைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியதே இல்லை. கண்ட்ரோலைத் தட்டி விட்டுவிடலாம், பிறகு நிதானமாக சி தட்டலாம், காப்பியாகிவிடும். கண்ட்ரோல், ஆல்ட், டெலிட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே விரலால் அடிக்கலாம். இந்தப் பதிவில் உள்ள எல்லா ஷார்ட்கட்டும் அப்படியே அவர்களுக்கும் வேலை செய்யும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே அவர்கள் கம்ப்யூட்டரில் இதை இயக்கிக் கொடுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் விண்டோஸ் + பிளஸ் அடித்து உருப்பெருக்கியையும் காட்டிவிடுங்கள். அதை மூட விண்டோஸ் + எஸ்கேப்.